வீடும் வைத்தியமும்: மனம் தேறும் முறை

உடம்புக்கு வரும் வியாதியில் ஒரு சௌகரியம் உண்டு. குணமாகிறதா இல்லையா என்பதை வீட்டாரே பார்த்துச் சொல்லிவிடலாம். சுரம் 102 டிகிரியிலிருந்து 99-க்கு இறங்கினால், "இனிப் பயமில்லை" என்று பாட்டி ரசஞ்சாதம் பிசைய உட்கார்ந்துவிடுவாள். கட்டு அவிழ்த்த கையை நீட்டி மடக்கினால் எலும்பு கூடியது தெரிந்துபோகும்.

மனத்துக்கு வரும் வியாதியில் இந்தச் சௌகரியம் கிடையாது. மனத்தின் சுரத்தை அளக்க வீட்டில் தெர்மாமீட்டர் இல்லை. ஆகையால் மனோசிகிச்சைக்குப் போய் வருகிறவரின் வீட்டார் மூன்று இடங்களில் ஏமாந்து போகிறார்கள். குணம் தொடங்கும்போது, "ஒன்றும் நடக்கவில்லையே" என்று சலித்துக்கொள்கிறார்கள். பாதி குணமானதும், எல்லாம் ஆயிற்று என்று நிறுத்திவிடுகிறார்கள். முழுக் குணம் வருகிறபோதோ, "ஐயோ, இது என்ன புது வியாதி?" என்று திடுக்கிடுகிறார்கள். இந்த மூன்றைப் பற்றியும் இவ்வாரம் சற்று விவரமாகப் பார்ப்போம்.

மனோசிகிச்சை என்று இங்கே சொல்வது, பயிற்சி பெற்ற ஒருவர் குறித்த நாளில், குறித்த நேரத்தில் நோயாளியுடன் உட்கார்ந்து, ஓர் ஒழுங்கோடு பேசியும் கேட்டும் செய்கிற வைத்தியத்தை. இது நம் தேசத்துக்கு நேற்று வந்த சரக்கல்ல. கல்கத்தாவில் டாக்டர் கிரீந்திரசேகர் போஸ் 1922-ஆம் வருஷத்திலேயே இந்திய மனப்பகுப்புச் சங்கத்தை ஸ்தாபித்தார். "வெறும் பேச்சினால் வியாதி தீருமா?" என்ற சந்தேகமும் பழையதுதான். 1952-இல் இங்கிலாந்தில் ஹான்ஸ் ஐசென்க் என்ற மனோதத்துவ நிபுணர், சிகிச்சை பெற்றாலும் பெறாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் ஜனங்கள் தேறுகிறார்கள் என்று எழுதிப் பெரிய கலகத்தை மூட்டிவிட்டார். அந்தக் கலகத்தால் ஒரு நன்மை விளைந்தது. ஆராய்ச்சிகள் பெருகின. 1977-இல் அமெரிக்காவில் மேரி ஸ்மித், ஜீன் கிளாஸ் என்ற இருவரும் 375 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். சிகிச்சை பெற்றவர்களில் நடுத்தரமான ஒருவர், சிகிச்சை பெறாதவர்களில் நூற்றுக்கு 75 பேரைவிட மேலான நிலையில் இருக்கிறார் என்பது அவர்கள் கண்ட முடிவு.

பலன் உண்டு என்று ஏற்பட்ட பிறகு, அது எப்பொழுது வருகிறது, எந்த வரிசையில் வருகிறது என்ற கேள்வி எழுந்தது. கென்னத் ஹோவர்டு என்பவரும் அவருடைய சகாக்களும் 1986-இல் 2,431 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தார்கள். வாரம் ஒரு சந்திப்பு என்று வைத்துக்கொண்டால், 8 சந்திப்புக்குள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கும், 26 சந்திப்புக்குள் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கும் நல்ல அபிவிருத்தி தெரிந்தது. 1993-இல் அவர்களே இன்னொன்றும் சொன்னார்கள். குணம் மூன்று படியாக வருகிறது. முதலில் தைரியம் திரும்புகிறது. பிறகு உபத்திரவம் தணிகிறது. கடைசியில்தான் வாழ்க்கைப் பழக்கங்கள் சீர்ப்படுகின்றன.

ஆராய்ச்சியாளர் வாக்கியம் இவ்வளவுதான். ஒரு வீட்டுக்குள் அது எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டுமானால், ஓர் ஊரையும் ஒரு குடும்பத்தையும் கற்பனை செய்துகொள்வது நல்லது.

* * *

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் பெருவழியில், சேலம் சாலை பிரிகிற இடத்தில் இருக்கிறது உளுந்தூர்பேட்டை. முன்பு விழுப்புரம் ஜில்லாவில் இருந்த இவ்வூர், 2019-இல் கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவானபோது அதனுடன் சேர்ந்தது. உளுந்தின் பெயரைத் தாங்கிய இந்த ஊரில் ஒரு தானிய வியாபாரியின் வீடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டுத் தலைவிக்கு நாற்பத்தைந்து வயது. மாமியார் காலமாகி ஒரு வருஷமாகிறது. பெண் படிப்புக்காகச் சென்னை போய்விட்டாள். அம்மாளுக்குச் சில மாதங்களாகத் தலைவலி, உடம்பு வலி. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. வாசலில் கோலம் போடுவது நின்றுபோயிற்று. ரத்தம் பார்த்தாயிற்று, படம் எடுத்தாயிற்று, விபூதி மந்திரித்தும் ஆயிற்று. "ஒன்றுமில்லை" என்கிறார்கள் எல்லாரும். அவளுக்கோ அந்த ஒன்றுமில்லாததுதான் தாங்க முடியாததாயிருக்கிறது.

கடைசியில் யாரோ சொல்லி, பஸ் ஏறி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார் கணவர். அங்கே ஆலோசகரம்மாள் கேட்கிற கேள்விக்கெல்லாம் கணவரே பதில் சொல்கிறார். சிறிது நேரம் பொறுத்து, "நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள், ஐயா" என்கிறாள் ஆலோசகர். உள்ளே அரை மணி நேரம். திரும்பி வருகையில் பஸ்ஸில் சம்பாஷணை நடக்கிறது.

"என்ன மருந்து கொடுத்தார்கள்?"

"மருந்து ஒன்றுமில்லை. பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த வியாழக்கிழமை வரச் சொன்னார்கள்."

"பேசுவதற்கா ஒரு நாள் கடையை மூடிவிட்டு வந்தேன்? வீட்டில் பேச ஆளில்லையா?"

நியாயமான கேள்வி. வீட்டில் பேச ஆள் உண்டு. ஆனால் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு கட்சி உண்டு. அம்மாள் அழுதால் பெண் பயப்படுகிறாள். கணவர் உபதேசம் செய்கிறார். நாத்தனார் தன் தலைவலியைச் சொல்ல ஆரம்பிக்கிறாள். கட்சியில்லாமல், குற்றஞ்சாட்டாமல், அவசரப்படாமல் கேட்கிற ஒரு செவி அந்த வீட்டில் இல்லை. அப்படிக் கேட்பதே குணத்துக்கு அடிப்படை என்று 1957-இல் எழுதினார் கார்ல் ராஜர்ஸ் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர். எட்வர்டு போர்டின் என்பவர் 1979-இல் இதை இன்னும் தெளிவாக்கினார். எதை நோக்கிப் போகிறோம், அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்ற இரண்டிலும் இருவருக்கும் சம்மதம் வேண்டும். ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கையும் வேண்டும். இந்த உறவு எவ்வளவு பலமாக அமைகிறதோ, அந்த அளவுக்குப் பலனும் கூடுவதைப் பிறகு வந்த ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன.

இரண்டு வாரம் போகிறது. தலைவலி போகவில்லை, தூக்கம் வரவில்லை. ஆனால் புதன்கிழமை இரவு அம்மாள் தானாகவே, "நாளைக்கு வியாழக்கிழமை அல்லவா?" என்று கேட்கிறாள். புடவையை எடுத்து மடித்து வைக்கிறாள். பல மாதங்களாக அவள் நாளையைப் பற்றிப் பேசியதில்லை என்பதைக் கணவர் கவனித்தாரானால், அவர் கெட்டிக்காரர். முதற்படி அதுதான். வலி அப்படியே இருக்கிறது; ஆனால், "இதற்கு ஒரு வழி இருக்கலாம்" என்ற எண்ணம் பிறந்துவிட்டது. கவனிக்காத வீட்டில், "இரண்டு தடவை போயும் தலைவலி போகவில்லை" என்று சிகிச்சையை அன்றோடு முடித்துவிடுவார்கள். விதை முளை விட்ட மறுநாள் நிலத்தைத் தரிசு போடுவதற்கு அது சமானம்.

* * *

இரண்டாவது படியில் ஆலோசகர் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் போடச் சொல்கிறாள். இன்றைக்கு என்ன செய்தேன், அப்பொழுது மனம் எப்படி இருந்தது என்று தினம் நாலு வரி. பிறகு ஒரு சிறு காரியம்: காலையில் வாசலில் நாலு புள்ளிக் கோலம்.

"மனசு சரியானால் கோலம் போடுவேன், அம்மா" என்கிறாள் இவள்.

"மனசு சரியாகும் வரையில் காத்திருக்க வேண்டாம். போட்டுப் பாருங்கள், மனசு பின்னால் வருகிறதா, பார்ப்போம்" என்கிறாள் அவள்.

இது வெறும் சமாதான வார்த்தையல்ல. கோவாவில் 1996 முதல் வேலை செய்துவரும் சங்காத் என்ற ஸ்தாபனத்தாரும் டாக்டர் விக்ரம் படேல் முதலானோரும் இந்த முறையைப் பரீட்சித்துப் பார்த்து, அதன் முடிவை 2017-இல் வெளியிட்டார்கள். 10 ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடுமையான மனச்சோர்வு கொண்ட 495 பேர் அதில் சேர்ந்தார்கள். பேச்சு வைத்தியம் செய்தவர்கள் டாக்டர்கள் அல்லர். மனோதத்துவப் பட்டம் பெற்றவர்களும் அல்லர். அதற்கென்று பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். சந்திப்புகள் ஆறு முதல் எட்டு வரை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, இந்தச் சிகிச்சையும் பெற்றவர்களில் நூற்றுக்கு 64 பேர் சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களிலோ 39 பேரே. ஒரு வருஷம் கழித்தும் பலன் நின்றிருந்தது. அந்தப் பலன் எவ்வழியாக வந்தது என்று தேடிய ஆராய்ச்சியாளர்கள், நோயாளிகள் மறுபடி காரியங்களில் ஈடுபட ஆரம்பித்ததே அதில் பெரும்பங்கு என்று கண்டார்கள். கை முதலில் அசைகிறது. மனம் பிறகு அசைகிறது.

நம் உளுந்தூர்பேட்டை அம்மாளும் கோலம் போடுகிறாள். அடுத்த தெருவிலுள்ள அக்காள் வீட்டுக்கு ஒரு நாள் போய் வருகிறாள். மூன்று மணி விழிப்பு நாலரை மணிக்குத் தள்ளிப்போகிறது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஐந்தாவது வாரம் பெண்ணின் கல்யாணப் பேச்சு ஒன்று தட்டிப்போகிறது. அம்மாள் மறுபடி படுத்துவிடுகிறாள். சாப்பாடு இல்லை, கோலம் இல்லை. "பார்த்தாயா, எல்லாம் பழைய குருடி கதவைத் திறடிதான்" என்கிறார் கணவர்.

ஆலோசகர் கேட்கிற கேள்வி வேறு. "இதற்கு முன்னால் இப்படிப் படுத்தபோது எத்தனை நாள் படுத்திருந்தீர்கள்?"

"மூன்று வாரம் இருக்கும்."

"இந்தத் தடவை?"

"மூன்று நாள்."

குணம் என்பது மாடிப்படி ஏறுவது போல் ஒரே சீராக வருவதில்லை. அலை கரைக்கு வருவது போல் முன்னே வந்து பின்னே போய்த்தான் ஏறுகிறது. விழவில்லையா என்று பார்ப்பதைவிட, விழுந்தவர் எத்தனை நாளில் எழுந்தார் என்று பார்ப்பதே சரியான அளவு.

* * *

மூன்றாவது படிதான் வீட்டாருக்கு மிகவும் கஷ்டமானது. தூக்கம் வந்துவிட்டது, தலைவலி எப்போதாவது வருகிறது. "இனி எதற்கு வீண் அலைச்சல்?" என்ற பேச்சு எழுகிறது. உண்மையில் இப்பொழுதுதான் வியாதியின் வேரை நெருங்கியிருக்கிறார்கள். இருபது வருஷமாக எல்லாருடைய வேலையையும் தலையில் போட்டுக்கொண்டு, "முடியாது" என்ற சொல்லையே அறியாதிருந்தவள் அவள். மாமியார் போன துக்கத்தையும் யாரிடமும் சொல்லாமல் அடுக்களையில் விழுங்கிக்கொண்டவள். அந்தப் பழக்கம் மாறாவிட்டால், அடுத்த துக்கத்தில் அதே படுக்கை காத்திருக்கிறது.

ஒரு நாள் நாத்தனார், குழந்தைகளோடு ஒரு மாதம் வந்து தங்கப்போவதாகச் செய்தி அனுப்புகிறாள். அம்மாள் நிதானமாகச் சொல்கிறாள்: "ஒரு வாரம் தாராளமாக இருக்கட்டும். ஒரு மாதம் என்னால் இப்போது முடியாது."

வீடு ஸ்தம்பித்துப்போகிறது. "தலைவலி போயிற்று; வாய் வந்துவிட்டது!" என்கிறார்கள். "ஆஸ்பத்திரியில் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்களா?" என்றும் கேட்கிறார்கள்.

நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வியாதிக்கு முன்பிருந்த அதே மனுஷியைத் திருப்பிக் கொடுங்கள் என்று குடும்பம் கேட்கிறது. அந்த மனுஷிதான் வியாதியில் விழுந்தவள். சிகிச்சை முடிந்து வருகிறவள் கொஞ்சம் வேறாகத்தான் இருப்பாள். கணவர் பழைய பணிவை எதிர்பார்த்து முகம் சுளித்தால், பெற்ற குணத்தை அவரே திருப்பிப் பறித்ததாக முடியும். நாத்தனாருக்கு அவரே ஒரு வார்த்தை சமாதானமாகச் சொல்லி அனுப்பினாரானால், ஆலோசகருக்கு அவர் சரியான துணை. குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டுக்கு நன்கு தெரிந்ததே. வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியின் மனநல நிலையம், 1950-களில் ஆரம்பித்த காலத்திலிருந்தே, உறவினரும் நோயாளியுடன் தங்கியிருக்கும்படி செய்து பெயர் பெற்றது.

* * *

மனச்சோர்வுக்குச் சொன்னது குடிப்பழக்கத்துக்கும் பெரும்பாலும் பொருந்தும். இந்த ஜில்லாவில் அதைச் சொல்லாமல் விட முடியாது. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. விஷச் சாராயம் விற்றவர்களைப் பிடிப்பது சர்க்காரின் காரியம். குடிக்கிறவர் மனம் மாறுவதற்கு வழி என்ன என்பது குடும்பங்களின் கேள்வி.

கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த ஸ்ரீமதி சாந்தி ரங்கநாதன், 1980-இல் சென்னையில் அவர் பெயரால் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். இந்த ஸ்தாபனத்தார் காவிரிப் பாசனப் பிரதேசத்திலுள்ள மஞ்சக்குடி கிராமத்துக்கே போய் முகாம் போட்டுச் சிகிச்சை செய்தார்கள். பட்டணத்துக்குப் போக வழியில்லாதவர்களுக்குச் சிகிச்சை ஊருக்கே வந்தது. அவரவர் குடும்பமும் கிராமத்தாரும் உடனிருந்தார்கள். கோவாவிலும் சங்காத் ஸ்தாபனத்தார், குடியினால் கேடுற்ற 377 புருஷர்களிடையே, அதிகபட்சம் நாலு சந்திப்புகள் கொண்ட ஆலோசனையைப் பரீட்சித்தார்கள். மூன்று மாதம் கழித்து, முந்தின இரண்டு வாரத்தில் சொட்டும் தொடாதவர்கள், ஆலோசனை பெற்றவர்களில் நூற்றுக்கு 42 பேர். பெறாதவர்களில் 18 பேர்.

இங்கேயும் மூன்று படிகள் உண்டு. முதலில், "விட முடியும்" என்ற நினைப்பு. பிறகு கை நடுக்கமும் ஆசையும் அடங்குதல். கடைசியில் சம்பளத்தன்று எந்தத் தெரு வழியாக வீடு திரும்புவது, பழைய கூட்டாளி கூப்பிட்டால் என்ன சொல்வது என்ற பழக்கங்கள். நாற்பது நாள் தொடாதவர் நாற்பத்தோராம் நாள் குடித்துவிட்டால், நாற்பது நாளும் பொய்யாகிவிடாது. அன்று வீட்டார் வாசலை அடைத்து வைத்து ஏசினால், அவர் போகிற இடம் ஒன்றே. மறுநாள் காலையில் ஆலோசகரிடம் அழைத்துப் போனால், எங்கே இடறினார் என்று கண்டுபிடித்து அடுத்த தடவை அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகலாம். ஒன்று மட்டும் முக்கியம். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் டாக்டர் மேற்பார்வையில்லாமல் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே முதலில் ஆஸ்பத்திரி, பிறகு பேச்சு.

* * *

பேச்சு வைத்தியத்தால் எல்லாருக்கும் குணம் உண்டு என்று சொல்வது மோசடி. பல ஆராய்ச்சிகளின் கணக்குப்படி, சிகிச்சை பெறுகிற பெரியவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரையில் முன்னிலும் மோசமாகிறார்கள். அவர்கள் யார் என்று முன்கூட்டிக் கண்டுபிடிப்பதில் சிகிச்சை செய்கிறவர்களே திறமையற்றவர்களாயிருக்கிறார்கள் என்று அமெரிக்காவில் மைக்கேல் லாம்பர்ட் என்பவர் காட்டியிருக்கிறார். ஒவ்வொரு சந்திப்புக்கும் முன்னால் நோயாளியிடம் சில கேள்விகளுக்குப் பதில் எழுதி வாங்கிப் பார்த்துக்கொண்டால், இந்த நஷ்டம் குறைகிறது. ஆகையால் ஆறு, எட்டு சந்திப்பாகியும் ஒரு மாறுதலும் காணாவிட்டால், மௌனமாக நின்றுவிடக் கூடாது. "எனக்குத் தேறவில்லை" என்று ஆலோசகரிடமே சொல்ல வேண்டும். முறையை மாற்றலாம்; ஆளை மாற்றலாம்; மருந்து சேர்க்கலாம். இல்லாத குரல் கேட்பதும், இல்லாத பகை தோன்றுவதுமான கடுமையான மனோவியாதிகளுக்கு மருந்தே முதல் தேவை. பேச்சு அங்கே மருந்துக்குத் துணை.

இனி வீட்டாருக்கு நம் வேண்டுகோள். திரும்பி வந்தவரிடம், "உள்ளே என்ன பேசினாய்?" என்று துருவ வேண்டாம், அது அவருடைய சொத்து. "சரியாகிவிட்டதா?" என்று வாரந்தோறும் கேட்க வேண்டாம். அதற்குப் பதிலாக நீங்களே மனத்துக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் எத்தனை மணி? சாப்பாடு எப்படி? நாளையைப் பற்றிப் பேச்சு வருகிறதா? விழுந்தால் எத்தனை நாளில் எழுகிறார்? மாதம் ஒரு முறை பார்த்தால், நாள்தோறும் தெரியாத வித்தியாசம் தெரியவரும். மருந்தும் கொடுத்திருந்தால், தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். உயிரை விடுவதாக ஒருவர் சொன்னால், "சும்மா மிரட்டுகிறார்" என்று தள்ளாமல், தனியே விடாமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். 2022 அக்டோபரில் இந்திய சர்க்கார் ஆரம்பித்த டெலி-மானஸ் என்ற டெலிபோன் உதவிக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அடிக்கிறவருக்கும் நகருகிற அம்மிக்கும் பழமொழி உண்டு. பக்கத்தில் நின்று பொறுமையாய்ப் பார்த்துக்கொண்டிருப்பவரைப் பற்றி ஒன்றும் காணோம். வியாழக்கிழமை கடையை மூடிவிட்டு, ஆஸ்பத்திரித் திண்ணையில் அரை மணி உட்கார்ந்திருந்து, திரும்பும் வழியில் ஒன்றும் கேட்காமல் மனைவிக்கு இளநீர் வாங்கிக் கொடுக்கிற கணவர், அவர் அறியாமலே அந்த வைத்தியத்தில் ஒரு பங்கு செய்கிறார். உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் போய் வந்துகொண்டிருந்தால், அந்தப் பங்கை இந்த வாரமே ஏற்றுக்கொள்ளுங்கள்.